கோடு போட்டவர்களும் குடியிருந்தவர்களும்

அயர்லாந்தில் க்ளோன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து கேவன் நகரத்துக்குப் போகிற சாலையில் சுமார் பத்து கிலோமீட்டருக்குள் நான்கு முறை நாட்டு எல்லையைக் கடக்க வேண்டும். வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. சாலையோரக் கோடு மஞ்சளாக இருந்தால் அயர்லாந்துக் குடியரசு. வெள்ளையாக மாறினால் பிரிட்டனின் வட அயர்லாந்து. வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும். கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் அவ்வளவுதான். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த எல்லையை 208 இடங்களில் சாலைகள் கடக்கின்றன என்று 2018-இல் இரு அரசுகளும் சேர்ந்து கணக்கெடுத்தன.

நூறாண்டுக்குள் இரண்டு வெளியேற்றங்களைப் பார்த்த எல்லை இது. 1922-இல் தெற்கு அயர்லாந்து பிரிட்டனுடனான ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2020-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. இரண்டு முறையும் ஒரே கேள்விதான் எழுந்தது: வெளியேறுகிறவர் போன பிறகு எல்லையில் எழும் சிக்கலைத் தீர்க்க வேண்டியவர் யார்? பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது வீட்டையும் நிலத்தையும் பத்திரத்தில் எழுதிவிட்டு, பொதுக்கிணற்றுக்குப் போகிற வழியை மட்டும் ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அயர்லாந்தில் இரண்டு முறையும் அதுதான் நடந்தது.

முதல் வெளியேற்றத்திலிருந்து தொடங்குவோம். 1801 முதல் அயர்லாந்து முழுவதும் பிரிட்டனுடன் ஒரே ஒன்றியமாக இருந்தது. விடுதலைப் போர் முற்றிய நேரத்தில், 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வடகிழக்கிலுள்ள ஆறு கவுண்டிகளைத் தனியே பிரித்தது லண்டன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அந்த மாவட்டக் கோடுகள் எந்தக் காலத்திலும் நாட்டு எல்லையாக நினைத்துப் போடப்பட்டவை அல்ல. பெட்டிகோ என்ற ஊருக்கு நடுவே டெர்மன் என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. ஆற்றுக்கு ஒரு கரை டோனிகால் மாவட்டம், மறுகரை ஃபெர்மானா மாவட்டம். கோடு போட்ட பிறகு ஒரே ஊர் இரண்டு நாடுகளில் ஆனது. டெரி நகரத்துக்குச் சந்தையும் சரக்கும் தந்த டோனிகால் மறுபக்கம் போய்விட்டது.

1921 டிசம்பர் 6 அதிகாலையில் ஆங்கிலோ–ஐரிஷ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 12-ஆவது பிரிவு, வடக்கு விரும்பினால் புதிய சுதந்திர அரசிலிருந்து விலகி நிற்கலாம் என்றது. அப்படி விலகினால் மூவர் கொண்ட எல்லை ஆணையம் அமைத்து, மக்களின் விருப்பப்படியும் பொருளாதார, நிலவியல் சூழலுக்கு ஒத்துவருகிற அளவிலும் கோட்டைத் திருத்த வேண்டும். படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. மக்களின் விருப்பத்தை எப்படி அறிவது, எந்த அளவுள்ள பகுதியை ஓர் அலகாகக் கொள்வது, விருப்பமும் பொருளாதாரமும் மோதினால் எதற்கு முதலிடம் என்று ஒரு வார்த்தை இல்லை. டைரோன், ஃபெர்மானா மாவட்டங்களில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. அவை தெற்குக்கு வந்துவிடும், மீதியை வைத்துக்கொண்டு வடக்கால் தனியே நிற்க முடியாது என்று தெற்கின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் தரப்பினர் நம்பினார்கள். ஓர் அங்குலமும் தர மாட்டோம் என்றார் வடக்கின் பிரதமர் ஜேம்ஸ் க்ரெய்க். ஒரே வாசகம் இருவருக்கும் இருவேறு வாக்குறுதியாகத் தெரிந்தது. கையெழுத்து வாங்க அது வசதியாகவும் இருந்தது.

ஆணையம் கூட மூன்று ஆண்டுகள் ஆயின. 1924 நவம்பரில்தான் முதல் கூட்டம். தெற்கின் சார்பில் கல்வி அமைச்சரும் வரலாற்று அறிஞருமான ஓவன் மக்நீல் உட்கார்ந்தார். வடக்கு தன் பிரதிநிதியை அனுப்பவே மறுத்தது. லண்டனே தனிச் சட்டம் போட்டு ஜே.ஆர். ஃபிஷர் என்ற பத்திரிகையாளரை நியமித்தது. தலைவராக வந்தவர் ரிச்சர்ட் ஃபீதம், தென்னாப்பிரிக்காவில் நீதிபதி. இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்க, முடிவு மூன்றாமவர் கையில். ஃபீதம் சோம்பேறி அல்ல. ஊர் ஊராகப் போய் ஆர்மா, என்னிஸ்கில்லன், டெரி, ஓமா என்று அமர்வு நடத்தினார். விவசாயிகளும் வணிகர்களும் நகராட்சிக்காரர்களும் வந்து பேசினார்கள். வாக்கெடுப்பு நடத்த ஒப்பந்தம் தனக்கு அதிகாரம் தரவில்லை என்று மட்டும் அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். 1911 மக்கள்தொகைக் கணக்கில் இருந்த மத விவரத்தை எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கர் என்றால் தெற்கு, புராட்டஸ்டன்ட் என்றால் வடக்கு என்று வைத்துக்கொண்டார்கள். நியூரி நகரத்தில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆனால் அதன் வணிகம் வடக்கின் தலைநகர் பெல்ஃபாஸ்ட்டைச் சார்ந்தது என்பதால் வடக்கிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. விருப்பம் ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம் என்று வந்த இடத்தில் பொருளாதாரம் ஜெயித்தது.

1925 நவம்பர் 7 அன்று லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழ் ஆணையத்தின் முடிவை வரைபடத்தோடு வெளியிட்டது. ஃபெர்மானா வரவில்லை, டைரோன் வரவில்லை, டெரி வரவில்லை. தெற்கு ஆர்மாவும் சில துண்டுகளும் மட்டும் தெற்குக்கு. ஏறத்தாழ 31,000 பேர் இந்தப் பக்கம் வருவார்கள். அதோடு கிழக்கு டோனிகாலின் ஒரு பகுதியைத் தெற்கு வடக்குக்குக் கொடுக்க வேண்டும். சுமார் 7,600 பேர் அந்தப் பக்கம் போவார்கள். நிலம் வாங்க வந்தவர்கள் நிலம் இழக்கப் போவதாகக் கேட்டதும் தெற்கின் தலைநகர் டப்ளின் கொதித்தது. உள்ளே நடந்ததை ரகசியம் காத்து, தன் அமைச்சரவையிடமும் சொல்லாமல் இருந்த மக்நீல் ஆணையத்திலிருந்து விலகினார். சில நாட்களில் அமைச்சர் பதவியையும் விட்டார். டிசம்பர் 3 அன்று மூன்று தலைவர்களும், லண்டனுக்கு பால்ட்வின், டப்ளினுக்கு காஸ்க்ரேவ், பெல்ஃபாஸ்ட்டுக்கு க்ரெய்க், உட்கார்ந்து பேசி எல்லை இருந்தபடியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். பதிலுக்கு, பிரிட்டனின் பொதுக்கடனில் தெற்கு ஏற்க வேண்டியிருந்த பங்கு தள்ளுபடியானது. ஆணையத்தின் அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள். அது அச்சில் வந்தது 1969-இல். சாட்சி சொன்ன பல பேர் அதற்குள் இறந்துபோயிருப்பார்கள். தங்கள் பேச்சு என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. அதே காலகட்டத்தில், 1920-இல், ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவே உள்ள ஷ்லெஸ்விக் பகுதியை இரண்டு மண்டலங்களாகப் பிரித்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். வடக்கு மண்டலம் டென்மார்க்கோடு போனது, தெற்கு மண்டலம் ஜெர்மனியோடு நின்றது. ஓர் உலகப் போர் வந்துபோன பிறகும் அந்த எல்லை அங்கேயே இருக்கிறது. லண்டனோ தனித் தலைவர் முறையைக் கைவிடவில்லை. 1947-இல் நம் துணைக்கண்டத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்த ஆணையங்களிலும் இதே அமைப்புதான். காங்கிரஸ் தரப்பு நீதிபதிகள் ஒரு பக்கம், முஸ்லிம் லீக் தரப்பு நீதிபதிகள் மறுபக்கம், முடிவு தலைவர் ராட்க்ளிஃப் கையில். ஜூலை 8 அன்று இந்தியாவில் வந்து இறங்கியவரின் கோடு ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே பல ஊர்கள் சுதந்திர தினத்தைக் கழித்தன.

அயர்லாந்து எல்லையில் 1923 ஏப்ரல் 1 அன்றே சுங்கச் சாவடிகள் வந்துவிட்டன. சரக்கு வண்டிகள் அங்கீகரித்த சாலைகளில் மட்டும் போகலாம். வெண்ணெயும் மாடும் பன்றியும் இரவில் மற்ற வழிகளில் போயின. வடக்கில் மோதல் வெடித்த பிறகு பிரிட்டன் ராணுவம் சிறு சாலைகளைக் குண்டு வைத்துத் தகர்த்தது. தெற்கு ஆர்மா குன்றுகளில் காவல் கோபுரங்கள் எழுந்தன. 1972-இல் நியூரி சுங்க அலுவலகத்தில் வெடித்த குண்டில் 9 பேர் இறந்தார்கள். ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததும் 1993-இல் சுங்கச் சாவடிகள் போயின. 1998 ஏப்ரல் 10 அன்று, மோதலுக்கு முடிவு கட்டும் புனித வெள்ளி ஒப்பந்தம் வந்தது. மே 22 அன்று, எல்லைக்கு இரு பக்கமும் ஒரே நாளில் மக்கள் வாக்களித்தார்கள். வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் ஆதரவு. எல்லையில் வாழ்கிறவர்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடு என்பதால்தான் அது நின்றது.

அதன் மேல்தான், ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா வெளியேறுவதா என்ற 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு வந்து விழுந்தது. இரு முன்னாள் பிரதமர்கள், ஜான் மேஜரும் டோனி ப்ளேரும், வாக்கெடுப்புக்கு முன்பே டெரிக்குப் போய் எல்லையைப் பற்றி எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் அது பெரிய பேச்சாகவில்லை. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம் என்றார்கள். நாடு முழுவதற்குமான கணக்கில் அது கரைந்தது. அதே ஆண்டு டெரியின் ஆல்ட்நகெல்வின் மருத்துவமனையில் புதிய புற்றுநோய் மையம் திறந்தார்கள். டப்ளினும் பணம் போட்ட மையம் அது. டோனிகால் நோயாளிகள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எல்லை தாண்டி அங்கேதான் வருகிறார்கள். டப்ளினில் காய்ச்சிய கின்னஸ் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போய்ப் புட்டியில் அடைபட்டுத் திரும்புகிறது. வடக்கில் கறக்கிற பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தெற்கில் உள்ள ஆலைகளுக்குப் போகிறது.

இப்போது யார் தீர்ப்பது? நாங்கள் வேலி போட மாட்டோம், போடுகிறவர்கள் அவர்களாக இருக்கட்டும் என்றது லண்டனில் ஒரு தரப்பு. வெளியேற முடிவெடுத்தது நீங்கள், வழி சொல்லும் பொறுப்பும் உங்களுடையது என்று 2017 செப்டம்பரில் எழுத்திலேயே வைத்தது பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம். இந்த வாதத்தில் பிரஸ்ஸல்ஸ் சொன்னதே சரி என்பது என் கட்சி. சந்தையையும் சுங்கத்தையும் விட்டு வெளியேறினால் எங்கேயாவது ஓரிடத்தில் சரக்கைப் பார்த்தே ஆக வேண்டும். தரை எல்லையிலா, கடலிலா, அல்லது மொத்த பிரிட்டனும் பழைய விதிகளிலேயே நிற்பதா? இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் மக்களிடம் வாக்குக் கேட்டிருக்க வேண்டும். வாக்கு வாங்கிய பிறகு தேடத் தொடங்கினார்கள்.

2017 டிசம்பர் 4 அன்று பிரஸ்ஸல்ஸில் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் யுங்கரும் மதிய உணவில் உட்கார்ந்திருந்தார்கள். வட அயர்லாந்து ஐரோப்பிய விதிகளோடு ஒத்துப்போகும் என்ற வாசகம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அந்த நேரத்தில் வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சித் தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டர் தொலைபேசியில் மறுத்தார். அவர் கட்சியின் 10 எம்.பி.க்கள்தான் மேயின் ஆட்சியைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். உணவு முடிந்தது, உடன்பாடு இல்லாமல். தன் ஊரைப் பற்றிய வாசகத்தைக் கடைசி நேரத்தில் பார்த்து மறுப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலிலேயே மேசைக்கு அழைத்திருக்க வேண்டும். அதே சமயம், அங்கே அவரைத் தவிர வேறு வடக்குக் குரல் இல்லை என்பதும் உண்மை. வெளியேற வேண்டாம் என்று வாக்களித்த பெரும்பான்மைக்காகப் பேச வடக்கின் ஸ்டார்மண்ட் சட்டமன்றமே அப்போது முடங்கிக் கிடந்தது.

மேயின் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் மூன்று முறை தோற்றது. 2019-இல் அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன் சோதனையை பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலுக்கு நகர்த்தினார். பிரிட்டனோடு இருக்க விரும்பும் வடக்கின் ஒன்றியவாதிகள் தாங்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள். 2021 ஜனவரி 29 அன்று, தடுப்பூசி ஏற்றுமதித் தகராறில், டப்ளினைக்கூடக் கேட்காமல் அந்த ஏற்பாட்டின் அவசரப் பிரிவைக் கையில் எடுத்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது ஐரோப்பிய ஆணையம். கேட்காமல் முடிவெடுக்கிற பழக்கம் லண்டனுக்கு மட்டும் உரியதல்ல.

வெளியேறுகிறவர், வெளியேறும் முன்பே எல்லைக்கான திட்டத்தை மேசையில் வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டதை எல்லையில் குடியிருக்கிறவர்கள், இரு பக்கமும், வாக்களித்து ஏற்க வேண்டும். நீதிபதி ஒருவர் தனியே கோடு போடும் ஏற்பாடு கூடாது. அங்குள்ள மக்களே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்களே என்று கேட்கலாம். 1998-இலும் பிரிந்துதான் கிடந்தார்கள். இரண்டு சமூகங்களின் ஒப்புதலும் வேண்டும் என்று கேட்டதால்தான் வழி பிறந்தது.

2023-இல் விண்ட்சர் உடன்பாடு கடல் சோதனையை இலகுவாக்கியது. அதன் வணிக விதிகள் தொடரலாமா என்று ஸ்டார்மண்ட் சட்டமன்றத்தைக் கேட்டார்கள். 2024 டிசம்பர் 10 அன்று 48 பேர் ஆதரித்தார்கள், 36 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களில் ஒன்றியவாதி ஒருவர்கூட இல்லை. இரு தரப்பும் ஏற்றிருந்தால் எட்டு ஆண்டுகளுக்கு அந்த விதிகள் நீடித்திருக்கும். ஏற்காததால் நான்கு ஆண்டுகள் மட்டுமே. 2028-இல் மறுபடியும் அவர்களைக் கேட்டாக வேண்டும்.