வேலியும் மாவும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே கரையோரமாய்ச் சென்றால் உப்புவெளி. அதனைக் கடந்தால் நிலாவெளி. நிலாவெளியிலே கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்று, கோணேசர் கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தை வேலிக் கணக்கிற் கூறுகின்றது. இருபது மா கொண்டது ஒரு வேலி. மா என்பது நில அளவு மாத்திரமன்று. 1/20 என்னும் பின்னமும் அதுவே. காணி 1/80, முந்திரி 1/320.

பழந்தமிழ் எண்முறையிற் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகள் உண்டு. அவற்றின் முன்னிற்கும் எண் பெருக்கும். பின்னிற்கும் எண் கூட்டும். ஆதலின் ௨௱ என்பது இருநூறு. ௱௨ என்பதோ நூற்றிரண்டு. ஒரு குறி இடம் மாறினால் தொண்ணூற்றெட்டு வேலி நிலம் கணக்கிலிருந்து மறைந்துவிடும்!

இன்று இவ்வெண்களை மாற்றித் தரும் கணினி மென்பொருள்கள் உள. ஐ.சி.யு. என்னும் மென்பொருள் தொகுதியில் இப்பழைய முறைக்கெனத் தனி விதிகளே வகுக்கப்பட்டுள்ளன. உலக எழுத்துகளுக்குப் பொதுவான ஒருங்குறியில் முழுவெண் குறிகள் 1991இலேயே இடம்பெற்றன. மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளோ 2019இலேதான் சேர்ந்தன. அதுவரை அக்குறிகள் தாங்கிய ஏட்டினை ஒருங்குறியில் உள்ளவாறே எழுத வழியில்லாதிருந்தது.

குறிக்குக் குறி மாற்றுதல் மட்டும் போதாது. பெருக்குவது எது, கூட்டுவது எது என்னும் விதியும் உடன்வருதல் வேண்டும். முன்னாளிலே திண்ணைப் பள்ளிச் சிறார் எண்சுவடி ஓதி மனத்திற் பதித்துக்கொண்ட அவ்விதியே, இன்று மென்பொருளுக்கும் கற்பிக்க வேண்டியதாயிற்று.