வண்டிக்குக் கட்டிய வரி

அப்பாவின் சைக்கிளில், ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு தகர வில்லை திருகியிருக்கும். ஊராட்சிக்கு வண்டி வரி கட்டியதற்கு அதுதான் அத்தாட்சி. வீட்டு வரி, தொழில் வரியோடு வண்டி வரியையும் வசூலிக்கும் பொறுப்பை 1958 பஞ்சாயத்துச் சட்டம் ஊராட்சிகளிடம் கொடுத்திருந்தது. வில்லையை அப்பா எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார்.

நான் அலங்காநல்லூரில் லாரி, டெம்போக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஜூலை பிறந்தால் போதும், "அண்ணே, வண்டிக்குக் கட்டுன டாக்ஸ வருமான வரியில கழிச்சுக்கலாமா?" என்று வந்து நிற்பார்கள். மகன் வர்ஜீனியாவில் இருக்கும் ஒருவர், "அங்கே சொந்தக் காருக்கே கழிக்க விடுறாங்களாமே" என்றார். உண்மைதான். அங்கே காரின் மதிப்பை வைத்து வருடா வருடம் சொத்து வரி போடுகிறார்கள். செலவுகளை விவரமாகக் காட்டுகிறவர் ஒரு வரம்புக்குள் அதைக் கழிக்கலாம்.

இங்கே கதை வேறு. மெட்ராஸ் மாகாணத்தில் உள்ளாட்சிகள் சாலையில் கேட் போட்டுச் சுங்கம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1931 மோட்டார் வாகன வரிச் சட்டம் அதை நிறுத்தி, மோட்டார் வரியிலிருந்து அவற்றுக்கு ஈடு கொடுத்தது. ஆக, வண்டி வரி என்பது சாலையில் ஓடுவதற்கான கூலி. பிழைப்புக்கு ஓடும் வண்டியென்றால் அது தொழில் செலவு, கழித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டிய வரியைத்தான் கழிக்கலாம், பாக்கியை அல்ல என்று 1983இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவு வந்தது.

ரசீதின் அருமை அப்போதுதான் தெரிந்தது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய வரி டோக்கன் வெயிலில் வெளுத்து, எழுத்தே தெரியாமல் போகும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் காலாண்டு வரி ரசீது மூன்றைத் தொலைத்துவிட்டார். வண்டி ஓடியது ஊருக்கே தெரியும், கழிவு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ரசீதுகளை பில் கம்பியில் குத்தாமல் நோட்டில் ஒட்டி வைக்கிறேன்.

1994இல் அதே சட்டத்தில் 44ஏஇ பிரிவு வந்தது. பத்து சரக்கு வண்டிக்கு மேல் இல்லாதவர் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம். இப்போது சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வார்கள். 12 டன்னைத் தாண்டிய வண்டிக்கு டன்னுக்கு ஆயிரம். டீசல், டயர், வண்டி வரி எல்லாம் அதிலேயே கழிந்ததாக அர்த்தம். இன்னொரு முறை கழிக்க முடியாது.

சம்பளக்காரர் பாடுதான் எனக்கு உறுத்துகிறது. சொந்த வண்டியை வேலைக்கு ஓட்டினால் அதன் செலவுக்கும் தேய்மானத்துக்கும் ஒரு காலத்தில் தனிக் கழிவு இருந்தது. 1974 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டு எல்லாருக்கும் பொதுவாக ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கொண்டுவந்தது. பொதுக்கழிவையும் 2005இல் நீக்கி, 2018இல் 40,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று புதிய வரி முறையில் 75,000.

அந்தத் தொகை மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் ஒன்றுதான். பாலமேடு, வாடிப்பட்டி என்று நாளெல்லாம் சொந்த பைக்கில் தவணை வசூலுக்கு அலையும் பையனுக்கும் ஒன்றுதான். இது நியாயமில்லை. 1974இல் எடுத்த கழிவை அவனுக்காவது திருப்பித் தர வேண்டும்.