கடிக்காத கொசுவும் ரிங்டன் டாக்டரும்

ட்ரவுட் மீன் நம் நீலகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து, 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ஓடைகளில் விட்டார்கள். பிறகு குந்தா மின்திட்டத்துக்கு அணைகள் எழுந்தன. ஓடையில் இருந்த மீன் ஏரிக்கும் வந்தது. ஓடுகிற தண்ணீரில் தூண்டில் போடுவது ஒரு வித்தை, தேங்கின தண்ணீரில் போடுவது முற்றிலும் வேறு வித்தை. அந்த இரண்டாவது வித்தை உருவான கதையைத்தான் இன்று எழுதுகிறேன். (சைவக்காரருக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. பிடிக்கவா போகிறேன், படிக்கத்தானே!)

கதை நடந்த இடம் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதி. பிரிஸ்டல் நகரத்துக் குடிநீருக்காக யோ என்ற சிற்றாற்றை மறித்துக் கட்டியது பிளாக்டன் ஏரி. 1904-ல் அங்கே மீன் பிடிக்க அனுமதி கொடுத்தார்கள். புதிதாக மூழ்கிய நிலத்தில் புழு பூச்சிக்குப் பஞ்சமில்லை. ட்ரவுட்டுகள் கொழுத்து, பல பவுண்டு எடைக்கு வளர்ந்தன. கனவான்கள் சால்மன் மீனுக்குக் கட்டும் பெரிய, வண்ண வண்ண இறகுத் தூண்டில்களோடு வந்து இறங்கினார்கள். பெரிய மீனுக்குப் பெரிய இரை என்பது அவர்கள் கணக்கு. மீனுக்கும் அந்தக் கணக்கு தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு, பக்கத்து ஊரான ரிங்டனில் பெல் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஆரவாரம் இல்லாத, கூச்ச சுபாவி. பிடித்த மீனின் வயிற்றைக் கீறி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்ப்பது டாக்டர்களின் குணம்தானே! ஆற்று மீனில் ஸ்க்யூஸ் என்ற வக்கீல் இதே வேலையைச் செய்து பேர் வாங்கியிருந்தார். ஏரி மீனின் வயிற்றில் பெல் கண்டவற்றில் முக்கியமானது, அரை அங்குலமே இருக்கும் கருத்த கூட்டுப்புழுக்கள். கைரோனமிட் என்ற கடிக்காத கொசு இனத்தின் குஞ்சுகள் அவை.

நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நெளியும் கூத்தாடிப் புழுவுக்குத் தூரத்து உறவு இது. முதலில் ஏரிச் சேற்றில் சிவப்புப் புழுவாக வாழும். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின். காற்று குறைந்த சேற்றில் பிழைக்க அது வேண்டும். பிறகு கூட்டுப்புழுவாகி, தோலுக்கு அடியில் சேர்ந்த வாயுவின் பலத்தில் மெல்ல மெல்ல மேலே வரும். தலைப் பக்கம் வெள்ளைக் குஞ்சம் மாதிரிச் செவுள் தெரியும். நீர்மட்டத்துக்கு அடியில் வந்ததும், மேலே கிழித்துக்கொண்டு போக முடியாமல் சற்று நேரம் தொங்கும். அங்கேதான் ட்ரவுட் காத்திருக்கும். துரத்த வேண்டியதில்லை; வாயைத் திறந்தபடி உலாவினால் போதும்.

இதைப் பார்த்து பெல் கட்டிய தூண்டிலுக்குப் பிளாக்டன் பஸ்ஸர் என்று பெயர். சின்ன முள், கறுப்புக் கம்பளி நூலில் உடம்பு, அதன் மேல் தங்க ஜரிகைச் சுற்று, தலையில் துளி வெள்ளைப் பட்டு. அவ்வளவுதான். பட்டுப் புடவைக் கரை நெய்கிறவர் ஐந்து நிமிடத்தில் கட்டிவிடுவார். கஷ்டம் கட்டுவதில் இல்லை, போட்ட பிறகு சும்மா இருப்பதில். இழுத்து இழுத்துப் பழகிய கைக்கு, நரம்பை அசைக்காமல், அல்லது நத்தை வேகத்தில் சுருட்டிக்கொண்டு நிற்பது தண்டனை மாதிரி. பக்கத்தில் நிற்பவனுக்கு இந்த ஆள் தூங்குகிறானோ என்று தோன்றும்.

பெல் இதையெல்லாம் புத்தகமாக எழுதவில்லை. பின்னால் வந்தவர்கள் எழுதியதால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. சால்மன் தூண்டில் கனவான்களில் எத்தனை பேர் பெயர் தெரியும்?

பின்னாளில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், காம்லூப்ஸ் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளில் இந்த வித்தை இன்னும் ஆழத்துக்குப் போனது. அங்கே மிதவை கட்டி, இருபது முப்பது அடி கீழே, சேற்றுக்கு ஒரு முழம் மேலே தூண்டிலைத் தொங்கவிடுவார்கள். பட்டுக்குப் பதில் வெள்ளை மணி, ஜரிகைக்குப் பதில் செம்புக் கம்பி. இதைப் பரப்பியவர்களில் ஒருவரான பிரயன் சான் அரசு மீன்வளத் துறையில் உயிரியலாளராக இருந்தவர். இப்போது மீனைக் கொல்லாமலே, சின்னக் குழாயால் தொண்டையிலிருந்து உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.

நம் குந்தா அணைகளுக்குப் பணமும் பொறியாளர்களும் தந்ததும், கொழும்புத் திட்டத்தின் கீழ், அதே கனடாதான். அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: அந்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு போனதைப் பார்த்ததுண்டா? கறுப்பா, சிவப்பா, முள்ளில் என்ன கட்டியிருந்தார்கள்?