கருப்பைத் தமனி அடைப்புச் சிகிச்சை

கருப்பை நார்க்கட்டிகளுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை அடைத்து, கட்டிகளைச் சுருங்கவைக்கும் முறை. தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கருப்பைத் தமனி வரை செலுத்தி, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் துகள்களை விடுகிறார்கள். நார்க்கட்டிக்கு இது பயன்படுவதை 1995-இல் பாரிஸின் ழாக் ரவினா குழுவினர் வெளியிட்டனர். சாமளாபுரம் போன்ற விசைத்தறி, நூற்பாலை ஊர்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருப்பவருக்கு, வயிற்றைத் திறக்கும் அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் வீட்டிலிருப்பது பெரிய இழப்பு. அடைப்புச் சிகிச்சையில் முதல் நாள் வலி கடுமையாகவே இருக்கும். ஆனால் சீக்கிரம் எழுந்து நடமாடலாம்.

எல்லாம் அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் தொடங்குகிறது. ‘கட்டி இருக்கிறது’ என்ற ஒற்றை வரி போதாது. கட்டிகள் எத்தனை, உட்சுவரை ஒட்டியவையா, வெளியே காம்பில் தொங்குபவையா, டாப்ளரில் கட்டியைச் சுற்றி ரத்தவோட்டம் வளையமாகத் தெரிகிறதா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். ரத்தவோட்டம் ஏற்கெனவே நின்றுபோன கட்டிக்கு அடைப்பால் பயனில்லை. கருப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை திரும்பாதே என்பது இச்சிகிச்சைக்கு எதிரான வலுவான மறுப்பு. நெதர்லாந்தின் எம்மி ஆய்வில் அடைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பத்தாண்டுக்குள் கருப்பை அகற்றப்பட்டது. மற்ற இருவருக்கு அது தேவைப்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதானே! குழந்தை வேண்டுவோருக்குப் பெரும்பாலும் கட்டியை மட்டும் வெட்டியெடுப்பதே பரிந்துரை. புற்றுநோய்ச் சந்தேகமிருந்தால் இம்முறை கூடாது. ஆஞ்சியோ கூடமும் இடையீட்டுக் கதிரியல் மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் இதைச் செய்ய முடியும்.