முதலில் வந்து நிற்பவர்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் உச்சியைக் கடந்து, இலுக்கும்புரவில் இறங்கி லக்கலவை அடையும் மலைப்பாதையிற் சென்றோர், நோயாளி ஒருவரை அவ்வழியே வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்ப்பது எத்தகைய காரியம் என்பதை உணர்வர். மூடுபனியும் மழையும் கொடிய வளைவுகளும் நிறைந்த பாதை அது. டொக்டரிடம் போய்ச் சேருமுன்னரே உயிர் பிரிந்துவிடக்கூடும். ஆகவே நோயாளியின் அருகே முதலில் வந்து நிற்பவர் யார், அவருக்கு எதனை, எம்மொழியிற் கற்பித்தனர் என்னும் கேள்வி இம்மலைச்சாரல் மக்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

புதிய வரிகளை எதிர்த்து மாத்தளை விவசாயிகள் கிளர்ந்தெழுந்த ஆண்டு 1848. அதே ஆண்டில், நாட்டின் வடகோடியில், அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் சில இளைஞரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்ட அவ்வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆயின் ஆங்கிலம் கற்றவர்கள் சம்பளம் மிகுந்த உத்தியோகங்களை நாடிக் கிராமத்தை விட்டகல்வதை அவர் கண்டார். தாய்மொழியிற் கற்றவனே தன் மக்களிடையே தங்குவான் என்று துணிந்து, 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளுக்குத் தமிழ் நூல்கள் எழுந்தன. அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேல். மதப்பரப்பலும் அவரது நோக்கமாயிருந்தது. அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் பயிற்சி என்பது பயன்பெறும் மக்களின் மொழியிலிருந்து தொடங்கவேண்டும் என்பதைச் செயலிற் காட்டியவர் அவர். 1870 இல் கொழும்பில் அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தையே பற்றி நின்றது.

மலையகத்தின் கதை வேறு. மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர் வழியிலேயே மாண்டனர் என்பதற்கு முறையான கணக்கு வைத்தாரில்லை. 1872 இல்தான் தோட்டங்களுக்கான முதல் மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. கருணை மட்டுமே அதைப் பிறப்பித்தது என்று நாம் நம்புவதற்கில்லை. நோயுற்ற கூலியால் கோப்பி பறிக்க இயலாது.

1912 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கும்போது ஓரிடத்தில் நாம் நின்றுவிடுகிறோம். தோட்டத்தில் எவரேனும் நோயுற்றால் அதனை அறிந்துகொள்வதும், உடனடி நிவாரணத்துக்குத் தமக்கு நல்லதெனத் தோன்றுவதைச் செய்வதும், நோய் கடுமையெனின் வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்புவதும் தோட்டத்துரையின் கடமை என்கிறது அது. வேலைக்கு வராதவன் நோயாளியா, சோம்பேறியா என்று தீர்ப்பளிப்பவரும் அதே துரைதான்! இதனை வகுப்பிற் கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்து, “துரைக்கு நாடி பார்க்கத் தெரியுமா, சேர்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

துரைக்குக் கீழே டிஸ்பென்சர் இருந்தார். தொழிலாளர் அவரையே டொக்டரையா என்றழைத்தனர். கலவை மருந்தும், புண்ணுக்குக் கட்டும், பிரசவ ஆபத்தும், நள்ளிரவுக் காய்ச்சலும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. அவர்களிற் பலர் தொண்டுள்ளம் படைத்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சம்பளம் தருவது தோட்டம். ஓய்வு தேவை என்று எழுதவேண்டியதோ தோட்டத் தொழிலாளிக்கு. இவ்விரண்டுக்குமிடையில் அகப்பட்டவருக்கு எத்தகைய பயிற்சியும் முழுத் துணிவைத் தந்திராது. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது.

லக்கலவின் சிங்கள உழவனும் இவ்வகையிற் கொடுத்துவைத்தவனல்லன். அவனுடைய பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துள் மூழ்கிப்போயிற்று. புதிய நகரம் வேறிடத்தில் எழுந்தது. நோய் கண்டபோது லயத்துத் தமிழனும் கிராமத்துச் சிங்களவனும் நோக்கியிருந்தது ஒரே மலைப்பாதையைத்தான்.

2016 இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கி, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் பரவிய ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். வண்டியோடு வருபவர் துரையின் ஆளல்லர், கட்டணமும் கேட்பதில்லை. தொடக்கத்திற் சேர்ந்தோர் ஐதராபாத்திற் பயிற்சி பெற்றனர். மூச்சுவழியைத் திறத்தல், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்குதல், குருதிப்பெருக்கை நிறுத்துதல், முறிந்த எலும்பை அசையாது கட்டுதல், வழியிலேயே பிரசவம் நேரின் தாயையும் சேயையும் காத்தல் ஆகியவை இத்தொழிலின் அரிச்சுவடி. இவற்றோடு நோயாளியின் பேச்சும் விளங்கவேண்டும். “நெஞ்சை அடைக்குதுங்க” என்று தோட்டத்துக் கிழவி சொல்வது ஒருவகை வலி. “நெஞ்சு கரிக்குது” என்பது வேறு. கிறீன் கண்ட உண்மை இங்கே மீண்டும் முன்னிற்கிறது.

நாடியைப் பற்றிக் கேட்ட அம்மாணவி சில நாள் கழித்து, அந்த வண்டியில் வருபவராக எதைப் படிக்கவேண்டும் என்று வந்து நின்றாள். உயிரியலும் இரசாயனமும் படித்தால் நல்லது, சிங்களமும் பழகிக்கொள் என்றோம். எம் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை என்பதை நாம் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.