பன்னிரண்டு நாற்காலிகளின் வயது

“காலங்காலமா இப்படித்தான்” என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டிலிருந்து என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வரலாறு படித்ததில் கைக்கு வந்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும். வீட்டிலும் கோவிலிலும் பெண்களைப் பார்த்துச் சொல்லப்படும் ‘காலங்காலம்’ பல நேரம் நம் பாட்டியின் வயதைக்கூட எட்டுவதில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்வது கத்தோலிக்கத் தவக்காலத்தின் முடிவில் வரும் ஒரு சடங்கை. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவித் துடைப்பார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருக்கும். நான் வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், என் இளமைக்காலம் முழுக்க அவற்றில் ஆண்களே உட்கார்ந்தார்கள்.

நாற்காலிகளுக்குப் போகும் முன் அதற்கு முந்திய நாற்பது நாள் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். தேனி 1996-இல் தனி மாவட்டமானது. திருச்சபைக் கணக்கில் எங்கள் பங்குகள் இன்றும் மதுரை உயர்மறைமாவட்டத்தில்தான். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள் இங்கே உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியும் அவருக்குப் பின் வந்த சேசு சபையினரும் ஊரில் புழங்கிய சமயச் சொற்களை எடுத்தே கிறிஸ்தவத்தைப் பேசினார்கள். அந்த வாடை தவக்காலத்தில்தான் அதிகம் தெரியும். சாம்பல் புதனைப் பெரியவர்கள் விபூதிப் புதன் என்பார்கள். ஒருவேளை மட்டும் உண்டு இருப்பது ஒருசந்தி. இறைச்சி ஒழிப்பது சுத்தபோசனம். மாரியம்மனுக்கு விரதமிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் அகராதி ஏறக்குறைய ஒன்றே. பசியும் ஒன்றே.

தவக்காலம் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வரும். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறந்ததிலிருந்து தண்ணீர் பாயும் இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லில், இரண்டாம் போக அறுப்பு இந்த நாட்களை ஒட்டி நடக்கும். திராட்சைத் தோட்டங்களில் வேலை ஓயாது. திராட்சைக்கும் ஒரு பாதிரியார் கதை இருக்கிறது: 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி என்பார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பாதிரியார் செய்திகளில் மறுபடி வந்தார். கொத்து வெட்டி, அழுகல் கழித்து, பெட்டி கட்டும் பெண்களை நான் படித்த செய்திகளில் காணவில்லை.

இந்த வேலைக்கு நடுவில்தான் தவக்கால வேலை. போன வருடத்துக் குருத்தோலைகளை வீடுவீடாக வாங்கி வந்து எரித்துச் சாம்பல் எடுப்பதற்கு முன், அவற்றை ஒரு வருடம் சாமிபடத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தது யார்? வெள்ளிதோறும் சிலுவைப் பாதைக்குக் கோவிலைப் பெருக்குவது, பதினான்கு தலத்துக்கும் மெழுகுவர்த்தி பார்ப்பது, அன்பியத்தில் முறை வந்தால் கஞ்சி காய்ச்சுவது, உண்டியல் காசைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவது எல்லாம் பெண்கள். பதினான்கு தலங்களில் முகம் துடைக்கும் வெரோனிக்கா ஒரு தலம், அழும் எருசலேம் பெண்கள் ஒரு தலம். நற்செய்தி நூல்களில் வெரோனிக்கா இல்லை. மக்கள் பக்தி அவளை உருவாக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறாம் தலத்தில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் முழந்தாளில் இருப்பார்கள்.

நோன்பின் சட்டத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, 21 வயது முடிந்தவர்கள் அறுபதாம் வயது தொடங்கும்வரை, ஞாயிறு தவிரத் தவக்கால நாள் எல்லாவற்றிலும் ஒருசந்தி இருக்க வேண்டும். ஆனால் அன்றைய ஒழுக்கவியல் பாடநூல்கள் விலக்கும் சொல்லின: கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், கடும் உடலுழைப்புச் செய்கிறவர்கள் நோன்பிருக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தா ஏழு பிள்ளை பெற்றவள். இருபது வயதிலிருந்து நாற்பது வரை, ஒன்று வயிற்றில் பிள்ளை, அல்லது மடியில் பிள்ளை, எப்போதும் கையில் கதிரரிவாள். சட்டப்படி அவளுக்கு ஒருசந்தியே கிடையாது. அவள் ஒரு வருடமும் விடாமல் இருந்தாள். விலக்கு இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடமை மட்டும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. 1966 பிப்ரவரியில் ஆறாம் பவுல் போப்பாண்டவர் நோன்பு நாட்களைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டாகக் குறைத்தார். அப்பத்தா குறைக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவளுக்கு எந்த நாள் நோன்பு, எந்த நாள் இல்லை என்று பிரித்துச் சொல்வதும் கடினம்தான். அவளுடைய நோன்பைப் பக்தி என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு எதிலும் தன் விருப்பம் செல்லாத வீட்டில், தன் பசிமீது தானே வைத்திருந்த அதிகாரமாகவும் அது இருந்திருக்கலாம்.

இனி நாற்காலிகள். யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். அதற்கு முந்திய அதிகாரத்திலேயே, பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் மரியா அவருடைய பாதங்களில் விலையுயர்ந்த தைலம் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். கால் துடைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அந்த வாரம் அவர் ஒரு பெண்ணின் கையால் அறிந்திருந்தார். திருச்சபை இந்தப் பகுதியைப் புனித வாரத்தின் திங்கட்கிழமை வாசிக்கிறது. எங்கள் பங்கில் திங்கட்கிழமை விடியற்காலைப் பூசைக்கு வருகிறவர்கள் இருபது கிழவிகள். வியாழக்கிழமைக் கூட்டம் அதைக் கேட்பதே இல்லை. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது: கைம்பெண்கள் பட்டியலில் ஒருத்தியைச் சேர்ப்பதற்கான தகுதிகளில், அவள் இறைமக்களின் காலடிகளைக் கழுவியிருக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஆக, இந்த வேலையைச் செய்த கைகள் முதலில் யாருடையவை என்பதில் பெரிய மர்மம் இல்லை.

பிறகு வந்த நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 694-இல் ஸ்பெயினின் தொலேதோ சங்கம் பெரிய வியாழனில் இந்தச் சடங்கைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியக் கன்னியர் மடங்களில் தலைவி சகோதரிகளின் கால்களைக் கழுவினாள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத், தன் வயது எத்தனையோ அத்தனை ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவினாள். அரசியின் தோரணை என்று ஒதுக்கினாலும் கால்கள் பெண்களுடையவை. ரோமை வழிபாட்டில் இது திருப்பலி முடிந்தபின் தனியாக, பெரும்பாலும் பேராலயங்களிலும் மடங்களிலும் நடந்த ஒன்று. சாதாரணப் பங்குக் கோவிலில் அது கட்டாயமே அல்ல.

1955 நவம்பர் 16 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வார வழிபாட்டைத் திருத்தினார். அதுவரை காலையில் நடந்த பெரிய வியாழன் பூசை மாலைக்கு மாறியது. காரணம், காலையில் வேலைக்குப் போகிறவர்களால் வர முடியவில்லை, கோவில்கள் காலியாகக் கிடந்தன. (இந்தக் காரணத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.) பாதம் கழுவும் சடங்கும் அந்த மாலைத் திருப்பலிக்குள் வந்தது, விரும்புகிற பங்குகள் செய்யலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு ஆண்கள் என்ற குறிப்பும் கூடவே வந்தது. 1970-ஆம் ஆண்டுத் திருப்பலி நூல் பன்னிரண்டு என்ற எண்ணை விட்டுவிட்டது. ‘ஆண்கள்’ என்பதை விடவில்லை. புதிய முறை முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பெரிய வியாழன் 1956 மார்ச் 29. எங்கள் அப்பத்தா அப்போது இரண்டு பிள்ளைக்காரி. அவள் கண்முன் பிறந்த ஒரு விதியை, அவளுடைய பேத்தியான என்னிடம் “இயேசு காலத்திலிருந்தே இப்படித்தான்” என்று மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்கள்.

2013 மார்ச் 28 அன்று, பதவியேற்று இரண்டு வாரமே ஆன போப் பிரான்சிஸ் ரோமில் இளம் குற்றவாளிகளின் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் இரண்டு பேர் பெண்கள், ஒருத்தி முஸ்லிம். போப்பாண்டவரே விதியை மீறலாமா என்று வாதங்கள் கிளம்பின. 2016 ஜனவரி 6 தேதியிட்ட ஆணை விதியையே மாற்றியது. இனி ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர், நலமுள்ளோர், நோயுற்றோர் என இறைமக்கள் அனைவரிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த ஆண்டுப் பெரிய வியாழன் மார்ச் 24. 1956-இலிருந்து எண்ணினால் சரியாக அறுபது ஆண்டு. காலங்காலத்தின் வயது அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒரு பங்கில் நடந்த பேச்சு எனக்குத் தெரியும். “பொம்பளைங்க சேலையத் தூக்கிட்டுக் கோவில்ல காலை நீட்டுனா நல்லாவா இருக்கும்?” என்றார் ஒரு பெரியவர். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார்: “ஒங்க வயல்ல நாத்து நடும்போது தொடை தெரியச் சொருகிக்கிட்டு நிக்கிறோமே, அப்ப வராத கூச்சம் இப்ப எங்கேருந்துண்ணே வருது?” அதற்குப் பதில் வரவில்லை, பெண்கள் பெயரும் அந்த வருடப் பட்டியலில் வரவில்லை. அடுத்த ஆண்டு ஆறு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. இடுக்கியில் செல்வாக்குள்ள சீரோ மலபார் திருச்சபை தனி வழிபாட்டு மரபைக் கொண்டது. ரோமை ஆணை தங்களைக் கட்டுப்படுத்தாது, ஆண்களும் சிறுவர்களும் மட்டுமே என்று 2017-இல் அறிவித்தது. பெரிய வியாழன் இரவு அந்த வீடுகளில் பெசகா அப்பம் பிட்டுப் பகிர்வார்கள். அரைப்பதும் அவிப்பதும் பெண்கள், பிட்டுக் கொடுப்பது குடும்பத் தலைவர். எங்கள் பெண்கள் பலர் பகல் முழுக்க இருப்பது அந்த மலையில்தான்.

விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களின் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கும். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். பத்துப்பேர் இடத்தில் அதைப்போல் ஒன்றரை மடங்கு பெண்கள். தவக்கால மாதங்களில் கடைசிப் பறிப்பு, பிறகு செடிக்கு அடியில் களை, கவாத்து, தண்ணீர் என்று வேலை இருக்கும். மழைக்காலமென்றால் அட்டை, வெயில்காலமென்றால் பித்தவெடிப்பு. அந்தக் கால்கள் நாற்காலிக்கு வந்தனவா என்று பார்த்தேன். நான் பார்த்த ஆண்டுகளில் உட்கார்ந்தவர்கள் ஒரு சிஸ்டர், ஓர் ஆசிரியை, மரியாயின் சேனைத் தலைவி, பங்குப்பேரவை உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள். எல்லாருமே வீட்டில் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பட்டியல் எழுதும் கை எதைப் பார்க்கிறது என்பது தெரிகிறது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கான ஆணை, முடிவில் தலித்துகளுக்கான கொள்கை. ஜீப்பில் போகும் பெண்களில் பலர் இரண்டு தாளிலும் இருக்கிறார்கள். பட்டியலில் இல்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதே தேதியில் வத்திக்கானிலிருந்து வந்த ஆணை, அந்த ஆண்டு பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடச் சொன்னது. எல்லை மூடியதால் ஜீப்புகளும் நின்றன. அந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி பலருக்கு நேர்ச்சையால் வந்ததல்ல.

ஊரடங்கெல்லாம் முடிந்து, ஒரு குருத்து ஞாயிறன்று, எங்கள் அன்பியத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்காவிடம் நானே கேட்டேன், வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று. பெரிய வெள்ளி அரசு விடுமுறை. பெரிய வியாழன் விடுமுறை நாளல்ல. பூசை மாலை ஆறரைக்கு.

“ஜீப்பு இறங்கி வர ஏழு ஆயிரும் தாயி. ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு இருந்தாத்தான் ஆகும். சாமிட்டச் சொல்லி எட்டு மணிக்கு வைக்கச் சொல்லு, வர்றேன்” என்றார். சொன்னேன். பேரவையில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். காலங்காலமாக ஆறரைதானே என்று ஒருவர் கேட்டார்.