மூன்று நாள் கனேடியன்

1988 செப்டெம்பரில் நான் ரொறன்ரோவில் ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நாட்டுக்கு வந்து ஒரு வருசம் ஆகவில்லை. அகதி வழக்கு இன்னும் எடுபடவில்லை. எங்கள் தலைமைச் சமையல்காரர் ஜமேக்காவில் ஃபால்மவுத் பக்கம் பிறந்தவர். ஓட்டவீரர் பென் ஜோன்சனும் 1961இல் அதே ஊரில் பிறந்தவர்தான். 1976இல் கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் வளர்ந்தார்.

சியோல் ஒலிம்பிக் நூறு மீற்றர் இறுதி ஓட்டம் அங்கே சனிக்கிழமை பகல். எங்களுக்கு வெள்ளிக்கிழமை நள்ளிரவு நெருங்கும் நேரம். குளிர்பெட்டிக்கு மேலே இருந்த சின்னத் தொலைக்காட்சியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நான் சவர்க்கார நுரை வடியும் கையோடு நின்றேன். 9.79 செக்கன். கோட்டைத் தாண்டும்போதே ஜோன்சன் கையை உயர்த்திவிட்டார். அமெரிக்கர் கார்ல் லூயிஸ் 9.92இல் இரண்டாவது. பிரதமர் மல்றோனி தொலைபேசியில் அழைத்து வாழ்த்தியதையும் பார்த்தோம். சமையல்காரர் அழுதார்.

அடுத்த நாள் பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். படத்தின் கீழே கனேடிய வீரர் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனபோது அந்தச் சொல்லை யாரோ பேனையால் கிறுக்கி அழித்து, மேலே 'ஜமேக்கன்' என்று எழுதியிருந்தார்கள். ஜோன்சனின் சிறுநீரில் ஸ்டனோசொலோல் என்ற ஊக்கமருந்து இருந்ததென்ற செய்தி அதற்குள் உலகமெங்கும் போய்விட்டது. பதக்கம் போனது. இனி அவர் கனடாவுக்காக ஓட முடியாது என்று விளையாட்டு அமைச்சர் ஷான் ஷரே அறிவித்தார். அந்த வாரம் பத்திரிகைகளிலும் அவர் கனேடியரில் இருந்து ஜமேக்காவில் பிறந்த கனேடியராகி, பிறகு வெறும் ஜமேக்கராக மாறியதை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

எனக்கு அது புதிதில்லை. 1986 ஆகஸ்டில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர் 155 பேரை நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். முதலில் நல்ல ஆதரவு. இந்தியாவில் இருந்து வந்ததாகச் சொன்னது பொய், உண்மையில் மேற்கு ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. பொய் பொய்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பசியையும் பயத்தையும் பற்றிக் கதைக்க ஆளில்லை.

ஜோன்சனும் குற்றவாளிதான். இதில் எனக்கு மறுபேச்சில்லை. 1989இல் ரொறன்ரோவில் நீதிபதி சார்ல்ஸ் டுபின் நடத்திய விசாரணையில், 1981இல் இருந்தே அவர் ஊக்கமருந்து எடுத்ததாகப் பயிற்றுநர் சார்லி பிரான்சிஸ் சாட்சியம் சொன்னார். ஜூனில் ஜோன்சனே ஒப்புக்கொண்டார். 1987இல் ரோமில் ஓடிய 9.83 உலக சாதனையும் அடிபட்டது. ஜோன்சன் ஒப்புக்கொண்ட அன்று எங்கள் சமையல்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எங்களுக்கே பொய் சொல்லிவிட்டான்" என்றார். அந்தச் சொல்லைக் கிறுக்கியவர் மேல்கூட அவருக்கு அவ்வளவு கோபம் இருந்ததில்லை.

என் முறைப்பாடு மற்றவர்களைப் பற்றியது. சியோலுக்கு இரண்டு மாதம் முன்பு இண்டியானபொலிஸில் நடந்த அமெரிக்கத் தேர்வு ஓட்டங்களில் லூயிஸின் மாதிரிகளிலும் தடைசெய்த பொருள்கள் இருந்தன. தடிமன் மருந்துகளில் வரும் எபிட்ரின் வகைக் கிளர்ச்சியூட்டிகள் அவை, சிறிய அளவு. ஸ்டனோசொலோலையும் இதையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அமெரிக்க ஒலிம்பிக் குழு முதலில் அவரைத் தகுதி நீக்கிவிட்டு, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்ற விளக்கத்தை ஏற்று, கடிதத்தோடு கதையை முடித்தது. அதே குழுவில் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாயிருந்த வேட் எக்சம் முப்பதாயிரம் பக்க ஆவணங்களை 2003இல் வெளியே கொண்டுவந்த பிறகுதான் உலகம் இதை அறிந்தது. பதினைந்து வருசம் லூயிஸ் சுத்தத்தின் அடையாளமாக மேடை மேடையாகப் பேசினார். அன்றைய விதிப்படி எல்லாம் சரி என்று உலகத் தடகளச் சங்கம் சொல்லிவிட்டது.

மூன்றாவதாக வந்த பிரித்தானியர் லின்ஃபோர்ட் கிறிஸ்டி. அதே சியோலில் இருநூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பிறகு அவர் மாதிரியில் சூடோஎபிட்ரின் இருந்தது. ஜின்செங் தேநீர் குடித்தேன் என்றார். ஒலிம்பிக் மருத்துவக் குழு வாக்கெடுத்தது: பதினொன்றுக்குப் பத்து. ஒரே ஒரு வாக்கில் தப்பினார். அவரும் ஜமேக்காவில் பிறந்தவர். ஆனால் வென்றுகொண்டிருந்தார், அதனால் பிரித்தானியராகவே இருந்தார். 1992இல் தங்கமும் எடுத்தார். 1999இல் நாண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்தில் அகப்பட்டார்.

அதே நூறு மீற்றர் இறுதியில் ஓடிய டெனிஸ் மிச்செல் 1998இல் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டார். முதல் நாள் இரவு குடித்த பியரைக் காரணம் காட்டினார். அவருடைய நாட்டுச் சங்கம் அதை நம்பியது, உலகச் சங்கம் நம்பாமல் இரண்டு வருசம் தடை போட்டது. அந்த இறுதியில் ஓடிய டெசாய் வில்லியம்ஸின் பெயர் டுபின் விசாரணையில் அடிபட்டது. அதில் ஓடிய இன்னொருவரான றே ஸ்டுவார்ட் பயிற்றுநரான பிறகு, மருந்து விநியோகித்ததாக 2010இல் ஆயுள் தடை பெற்றார். அதே ஒலிம்பிக்கில் தங்கம் இழந்த இரண்டு பல்கேரியப் பாரம் தூக்கிகளை இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

தன் வீட்டுக் கதவைத் திறந்து நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்ட நாடு கனடா. அதற்காக இந்த நாட்டை மதிக்கிறேன். மற்ற நாடுகள் அலமாரியைப் பூட்டி வைத்தன. அதன் பயனாக, உலகம் முழுவதற்கும் ஊக்கமருந்து என்றால் ஒரு மனிதனின் முகம்தான் என்றாகிவிட்டது. அந்த முகம் வாய் திக்கிப் பேசும் ஒரு கறுப்பினக் குடியேறியின் முகம்.

அன்று ஓடிய எட்டுப் பேரில் ஊக்கமருந்து விவகாரம் எதிலும் பெயர் அடிபடாதவர்கள் இருவர். ஒருவர் பிரேசிலின் றொப்சன் ட சில்வா. மற்றவர் அமெரிக்கர் கால்வின் ஸ்மித், 1983இல் 9.93 ஓடி உலக சாதனை வைத்தவர். சியோலில் 9.99 ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. அன்று மேடையில் நின்ற மூவரில் அவர் இல்லை.